கோச்ச தூக்குங்கன்னு கத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

நம்ம டீம் வரிசையா நாலு மேட்ச் தோத்துட்டா "ஆள மாத்துங்கடா"ன்னு டைப் பண்ண கை தானா போகும். நானும் பண்ணிருக்கேன், 2021 ஆகஸ்ட்ல, இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்ல (பிரீமியர் லீக்) ஆர்சனல் மான்செஸ்டர் சிட்டிகிட்ட 5-0 வாங்குன அன்னிக்கு நைட்டு. சீசனோட மொத மூணு மேட்ச், மூணும் தோல்வி, ஒரு கோல்கூட இல்ல, டேபிள்ல கடைசி. அப்ப ஆர்சனல் கோச்சா இருந்த அதே ஆர்டெட்டா தான் அப்புறம் 2023, 24, 25ன்னு மூணு சீசன் ரெண்டாவது இடத்துல கொண்டு வந்து நிறுத்துனாரு, அந்த போஸ்ட்ட நான் எப்பவோ டெலிட் பண்ணிட்டேன்.

மொதல்ல யாரு ஆடலன்னு பாருங்க. அந்த ஆகஸ்ட்ல பிரென்ட்ஃபோர்டு மேட்ச்ல கோல் அடிக்கிற ஒபமெயாங், லகாசெட் ரெண்டு பேருமே இல்ல, அடுத்த ரெண்டு மேட்ச் டிஃபெண்டர் பென் ஒயிட் கோவிட்ல உக்காந்துட்டாரு, சிட்டி மேட்ச்ல மிட்ஃபீல்டர் ஷாக்கா 35வது நிமிஷமே ரெட் கார்டு வாங்கிட்டு போயிட்டாரு, இதுல கோச் என்னத்த பண்ணுவாரு சொல்லுங்க.

அடுத்தது தான் முக்கியம், ஸ்கோர மறந்துட்டு கடைசி 20 நிமிஷத்த மட்டும் திரும்ப போட்டு பாருங்க. பால் போனதும் மிட்ஃபீல்டர் திரும்பி ஓடுறானா, இல்ல இடுப்புல கைய வச்சிட்டு நிக்கிறானா? எல்லாரும் நிக்கிறாங்கன்னா டிரெஸ்ஸிங் ரூம் கைவிட்டு போச்சு, அதாவது பிளேயர்ஸ் கோச் பேச்ச கேக்குறத விட்டுட்டாங்க, அதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்ல, அனுப்பிடலாம்.

ஓடுறாங்கன்னா, கோச் எதையாச்சும் மாத்துறாரான்னு பாக்கணும். 2020 டிசம்பர்ல லீக்ல ஏழு மேட்ச் ஜெயிக்காம 15வது இடத்துல இருந்தப்ப ஆர்டெட்டா செல்சிக்கு எதிரா ஸ்மித் ரோவ், சாகா, மார்ட்டினெல்லின்னு சின்னப் பசங்கள எறக்குனாரு, 3-1ன்னு ஜெயிச்சாங்க. மான்செஸ்டர் யுனைடெட்ல கோச்சா இருந்த அமோரிம் என்ன ஆனாலும் மூணு டிஃபெண்டர்தான்னு பிடிவாதமா நின்னாரு, 2024-25 சீசன்ல 15வது இடம்.

தூக்குறதுன்னு முடிவு பண்ணிட்டா சீசன் முடிஞ்சதும் தூக்கணும், அரைமனசா வச்சிருக்குறது தான் எல்லாத்தவிட மோசம். 2024 மே மாசம் எஃப்ஏ கப் (இங்கிலாந்தோட நாக்அவுட் கப்) ஜெயிச்சதும் யுனைடெட் அப்போதைய கோச் டென் ஹாக்க வச்சுக்கிட்டாங்க, காண்ட்ராக்ட்ட நீட்டுனாங்க, அவரோட பழைய கிளப் அஜாக்ஸ்ல அவருகிட்ட ஆடுன டி லிக்ட்டையும் மஸ்ராவியையும் வாங்கிக் குடுத்தாங்க, அக்டோபர்ல ஒம்போது மேட்ச்ல 11 பாயிண்ட்டுன்னதும் அனுப்பிட்டாங்க. அவருக்கும் அவரு ஸ்டாஃபுக்கும் செட்டில்மெண்ட்டே ஒரு கோடி பவுண்டுக்கு மேல. புதுசா வந்த அமோரிமுக்கு பழைய ஆளோட டீம், பிரீ-சீசனும் (சீசனுக்கு முன்னாடி டீம தயார் பண்ற டைம்) கெடையாது.

கப் ஜெயிச்சதாலயே வச்சிருக்கணும்னும் இல்ல. ஸ்பர்ஸ்ல (டாட்டன்ஹாம்) கோச் போஸ்டகோக்லு 2025ல யூரோப்பா லீக்குன்ற ஐரோப்பிய கப்ப ஜெயிச்சுக் குடுத்தாரு, ஆனா லீக்ல 38ல 22 தோல்வி, 17வது இடம். கப் ஜெயிச்ச பதினாறு நாள்ல அனுப்பிட்டாங்க, நானா இருந்தாலும் அனுப்பிருப்பேன், ஸ்பர்ஸ் ஃபேன்ஸ் திட்டுனா திட்டிக்கோங்க.