ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

“ஏரி கோடி போகுதுங்க, இந்த ஞாயித்துக்கிழமை பறவை பாக்கப் போலாமா?” கார்த்திகை மழை ஓய்ந்ததும் கிருஷ்ணகிரிப் பக்கம் என்னிடம் பலரும் கேட்பது இதுதான். தளும்பி நிற்கும் ஏரி கண்ணுக்கு அழகுதான். ஆனால் ஆழமான தண்ணீர் முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் நாமக்கோழிக்கும்தான் தோது. கரையோரப் பறவைகளான உள்ளான்களுக்கு வேண்டியது சேறு. பொரி உள்ளானின் எடை ஏறக்குறைய 60 கிராம். வட ஐரோப்பா, சைபீரியச் சதுப்புகளில் குஞ்சு பொரித்துவிட்டு அது இவ்வளவு தூரம் பறந்து வருவது, கரையோரச் சேற்றில் அலகை விட்டுப் புழு பூச்சி பொறுக்கத்தான். கரை விளிம்புவரை தண்ணீர் நின்றால் அதற்கு இரை ஏது? தண்ணீர் வடியத் தொடங்கும் தை, மாசியில் அதே ஏரிக்கு மறுபடி போய்ப் பாருங்கள்.

பாரூர் பெரிய ஏரியாக இருக்கலாம், வாணியாறு அணையாக இருக்கலாம், உங்கள் தெருக்கோடியில் இருக்கும் குட்டையாகவும் இருக்கலாம். ஒரே இடத்துக்கு வருஷத்தில் ஆறேழு முறை போவது, ஆறேழு இடங்களுக்கு ஒவ்வொரு முறை போவதைவிட அதிகம் கற்றுத்தரும்.

காலை ஒன்பது மணிக்கு மேல் வந்து வெயிலுக்கு எதிராக நிற்பது அடுத்த தவறு. எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். விடிந்ததும் கிழக்குக் கரையில் நில்லுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்ற அவசரமும் கூடாது. பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எழுதினாலே போதும். அதில் அடையாளம் தெரியாத ஒன்றை ‘ஏதோ ஓர் உள்ளான்’ என்று எழுதுவது நேர்மையான பதிவு. ஊகித்து எழுதிய பெயர், பின்னால் அந்தக் கணக்கை நம்பி வேலை செய்கிறவரைத் தடம் மாற்றிவிடும்.

பறவை பார்க்கும் நடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்கு முன் நடக்கும் பேச்சுக்கு வருவதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். கெலவரப்பள்ளி அணையில் ஏன் நுரை பொங்குகிறது, பச்சைப்பசேலென்று ஏரியை மூடும் ஆகாயத்தாமரை ஏன் நல்ல அறிகுறி இல்லை என்பதையெல்லாம் தொலைநோக்கி வழியாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதேபோல, பேச வருகிறவர் மட்டும்தான் நிபுணர் என்று நினைப்பதும் பிழை. மதகு திறக்கும் நீர்க்கட்டியிடம், வலை போடுகிறவரிடம், ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிற அண்ணனிடம் கேளுங்கள். பாறைமேல் மீன் செதில் கலந்த எச்சம் கிடந்தால் நீர்நாய் வந்துபோன இடம் என்று அவர் காட்டுவார். முதலை எந்த மடுவில் கிடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் இறங்காதே என்று சொல்லும் இடத்தில் கால் நனைக்கவும் இறங்காதீர்கள்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து ஏரிகளுக்கு இருட்டோடு கிளம்பிப் போவது உயிரோடு விளையாடுவது. ராகி அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டங்கள் அங்கே தண்ணீருக்கு வரும். அந்தப் பக்கத்துக் காடுகள் 2022-இல் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் ஆகிவிட்டன. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

கடைசியாக, நாங்களே செய்த தவறு ஒன்று. பங்குனியில் ஒரு வற்றிய ஏரிக்குப் பிள்ளைகளோடு போயிருந்தோம். ஆட்காட்டிப் பறவை ஒன்று தலைக்குமேல் வட்டமடித்துக் கத்தியது. நல்ல படம் கிடைக்கிறதே என்று அங்கேயே நின்றோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர்தான் ஓடி வந்தார்: “அங்க நிக்காதீங்க கண்ணு, காலடியில முட்டை இருக்குது!” நான்கு அடி தள்ளி, கூழாங்கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். ஆட்காட்டி கூடு கட்டாது. வெறும் தரையில்தான் முட்டையிடும். வெயில் ஏறினால் வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைமேல் நின்று சூடு தணிக்கும். நாங்கள் நின்ற இருபது நிமிடமும் அந்த முட்டைகள் வெயிலில் கிடந்தன. அவை பிழைத்தனவா என்று பார்க்க மறுபடி பக்கத்தில் போவதும் தவறு என்பதால் போகவில்லை.

அதற்குப் பிறகு வற்றிய ஏரிக்குள் நாங்கள் இறங்குவதில்லை, கரைமேலேயே நடக்கிறோம். ஆட்காட்டி கத்தத் தொடங்கினால் பிள்ளைகள்தான் முதலில் பின்வாங்குகிறார்கள். பெரியவர்கள் கையையும் பிடித்து இழுக்கிறார்கள்.