கையால் போட்டால் ஏறுகிறது, தானாக ஏற மறுக்கிறது

அலுவலகக் கணினிகளுக்கு குரூப் பாலிசி (எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் வசதி) வழியாக ஒரு எம்எஸ்ஐ கோப்பை, அதாவது மென்பொருளை நிறுவும் கோப்பை, அனுப்பினேன். மறுநாள் பார்த்தால் ஒன்றில்கூட ஏறவில்லை. விண்டோஸ் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் பிழை 1612: நிறுவ வேண்டிய கோப்பு கிடைக்கவில்லையாம். அதே ஷேர் ஃபோல்டரைத் திறந்து நான் டபுள் கிளிக் செய்தால் சமர்த்தாக ஏறுகிறது! அரை நாள் அந்தக் கோப்பையே சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது. கணினி தொடங்கும்போது யாரும் லாகின் செய்திருப்பதில்லை. ஃபோல்டரைத் திறப்பது கணினியின் சொந்தக் கணக்கு. நானோ எங்கள் குழுவுக்கு மட்டும் அனுமதி வைத்திருந்தேன். ஷேர் அனுமதி, என்டிஎஃப்எஸ் அனுமதி (வட்டில் உள்ள ஃபோல்டருக்கானது) இரண்டிலும், அலுவலகக் கணினிகளின் கணக்குகள் அடங்கிய ‘டொமைன் கம்ப்யூட்டர்ஸ்’ குழுவுக்குப் படிக்கும் அனுமதி கொடுத்து, ரீஸ்டார்ட் செய்தேன். சரியாகிவிட்டது. இரண்டு மடிக்கணினிகள் மட்டும் பிழை 1274 காட்டி முரண்டு பிடித்தன. கணினி தொடங்கும்போது நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கச் சொல்லும் பாலிசியை இயக்கியதும் அவையும் வழிக்கு வந்தன.