வாக்கி-டாக்கி வாங்கும்போது வாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அபார்ட்மென்ட் செக்யூரிட்டிக்கு, கல்யாண மண்டபத்து வேலைக்கு, நாலு காரில் ஊட்டி போகும்போது பேசிக்கொள்வதற்கு என்று மலிவாக ஒரு ஜோடி வாக்கி-டாக்கி தேடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?" தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. முதலில் கேட்க வேண்டியது, அந்த செட் எந்த ஃபிரீக்வென்சியில், அதாவது எந்த அலைவரிசையில், பேசும் என்று.

இந்தியாவில் இந்த மாதிரிக் கையடக்க செட்டுகளை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை விட்டுவைத்திருக்கிறார்கள், 2018-ல் வந்த விதி. ஐரோப்பாவில் பிஎம்ஆர்446 என்று விற்பதும் இதே இடம்தான். அரை வாட் பவர், கழற்ற முடியாத ஆன்டெனா, அவ்வளவுதான் இந்த வகை. தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் இடிஏ என்ற ஒப்புதலும் அந்த மாடலுக்கு இருக்க வேண்டும். ஆன்லைனில் இதையெல்லாம் சொல்லாமலே விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதால் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனியாக வழிகாட்டு விதிகளே போட்டது: எந்த ஃபிரீக்வென்சி, லைசென்ஸ் வேண்டுமா வேண்டாமா என்று விற்கும் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். "லாங் ரேஞ்ச், 5 வாட், 16 சானல்" என்று மட்டும் போட்டுவிட்டு மெகாஹெர்ட்ஸ் பற்றி மூச்சே விடவில்லையா, அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது தவறு, பாவோஃபெங் யூவி-5ஆர் மாதிரி செட்டை "இதுதான் சீப் அண்ட் பெஸ்ட்" என்று யாரோ சொன்னதை நம்பி வாங்குவது. நல்ல செட்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள், கையில் இருக்க வேண்டியது, ஹாம் ஆக வேண்டுமென்றால் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை, 400 முதல் 520 வரை எங்கே வேண்டுமானாலும் அதில் பேச வைக்கலாம் என்பதுதான் சிக்கலே. கடலில் படகுகள் ஆபத்தில் கூப்பிடும் 16-ம் சானல் 156.8 மெகாஹெர்ட்ஸ், அதுவும் இந்த வரம்புக்குள் வருகிறது. விளையாட்டாக எண்ணை மாற்றிக்கொண்டே போகிறவருக்கு, தான் எங்கே போய் நிற்கிறோம் என்பது தெரியாது. "சரி, அதையே 446-க்கு புரோகிராம் செய்துவிட்டால்?" என்று கேட்பார்கள். ஆகாது. பவரும் அதிகம், ஆன்டெனாவையும் கழற்றி மாற்றலாம். எண்ணை மட்டும் மாற்றினால் அது லைசென்ஸ் வேண்டாத செட் ஆகிவிடாது.

அமெரிக்காவிலிருந்து மாமா வாங்கிவந்த ஜோடியும் இதே கதை. அங்கே எஃப்ஆர்எஸ் என்று கடையில் தொங்கவிட்டு விற்பது 462, 467 மெகாஹெர்ட்ஸில் பேசும். அங்கே யாரும் கேட்க மாட்டார்கள், இங்கே அந்த இடம் நமக்குக் கொடுக்கப்படவில்லை.

இப்போது வாட்டுக்கு வருவோம், ஏனென்றால் பெரும்பாலான பணம் வீணாவது இங்கேதான். என்னிடமும் என் நண்பரிடமும் ஹாம் லைசென்ஸ் உண்டு, அதனால் ஒருநாள் எங்கள் அபார்ட்மென்டில் ஹாம்களுக்கான அலைவரிசையில் 5 வாட் செட் ஒரு ஜோடி, 446-ல் அரை வாட் செட் ஒரு ஜோடி, இரண்டையும் வைத்துப் பார்த்தோம். நான் வாசல் கேட் பக்கத்தில் நின்றேன், அவர் பேசிக்கொண்டே படியிறங்கினார். முதல் பேஸ்மென்டில் இரண்டும் கேட்டன, அரை வாட்டில் கொஞ்சம் இரைச்சல். இரண்டாவது பேஸ்மென்டில் லிஃப்ட் சுவருக்குப் பின்னால் அவர் போனதும் அரை வாட் செத்தது, இன்னும் நாலைந்து அடி வைத்ததும் 5 வாட்டும் செத்தது. பத்து மடங்கு பவருக்குக் கிடைத்த லாபம் அந்த நாலைந்து அடி!

வெளியிலும் அப்படித்தான். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறவை. தடையே இல்லாத சமவெளியில் இரண்டு பேர் செட்டைத் தோளுயரத்தில் பிடித்து நின்றால், பூமியின் வளைவே ஏறக்குறைய 10 கிலோமீட்டரில் மறைக்க ஆரம்பித்துவிடும். அப்படியென்றால் பெட்டியில் போட்டிருக்கும் 25 கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? ஒருவர் மலையுச்சியில், இன்னொருவர் கீழே வெட்டவெளியில், நடுவில் ஒரு மரம்கூடக் குறுக்கே இல்லை என்றால் வரும். தெருவும் மாடிவீடுகளும் உள்ள ஊரில் ஒரு கிலோமீட்டர் கிடைத்தாலே சந்தோஷப்படுங்கள். தூரம் போதவில்லையா, செட்டை மாற்றுவதற்கு முன் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள்.

பெட்டியில் "121 பிரைவசி கோட்" என்று ஒன்று போடுவார்கள். அதில் பிரைவசி ஒன்றும் இல்லை. மற்றவர்கள் பேசுவது உங்கள் ஸ்பீக்கரில் வராமல் தடுக்கும், அவ்வளவுதான். நீங்கள் பேசுவதை அதே சானலில் இந்த பிரைவசி கோட்-ஐ அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் எவரும் தாராளமாகக் கேட்கலாம். கல்யாண நகை எந்த ரூமில் இருக்கிறது என்பதையெல்லாம் அதில் பேசாதீர்கள்.

பேட்டரியில் மில்லிஆம்பியர் எண்ணைவிட, சார்ஜர் தொலைந்தால் என்ன செய்வது என்று யோசியுங்கள். அந்தக் கம்பெனியின் சார்ஜர் தொட்டிலில் வைத்தால்தான் சார்ஜ் ஏறும் என்ற செட்டில், தொட்டில் போனால் செட்டும் போன மாதிரிதான். டைப்-சி வயரில் ஏறுவதோ, சாதாரண பென்சில் செல் போடுவதோ எனக்குப் பிடித்தவை. "இத்தனை மணி நேரம் வரும்" என்ற கணக்கு பொதுவாக நூறில் ஐந்து பங்கு நேரம் பேசி, ஐந்து பங்கு கேட்டு, மீதி சும்மா இருந்தால் வருவது. கல்யாணக் காலையில் யார் சும்மா இருக்கிறார்கள்?

அப்புறம் பேசும் பட்டன். இதை யாருமே வாங்கும்போது அழுத்திப் பார்ப்பதில்லை. கல்லு மாதிரி இருந்தால் கட்டைவிரல் வலித்து, வாக்கியம் முடிவதற்குள் விட்டுவிடுவார்கள். தமிழில் இது பெரிய வம்பு, ஏனென்றால் நமக்கு 'வேண்டாம்' வருவதே கடைசியில். ஒரு மண்டபத்தில் உள்ளேயிருந்து எங்கள் ஆள் "டெம்போவை உள்ளே விட வேண்டாம்" என்று சொன்னார், பட்டனைச் சீக்கிரம் விட்டதால் கேட்டில் இருந்தவருக்குப் போய்ச் சேர்ந்தது "டெம்போவை உள்ளே விட" மட்டும். அவரும் விட்டுவிட்டார். பாத்திரம் ஏற்றிய டெம்போ வாசலை அடைத்து நிற்க, அதற்குப் பின்னால் மாப்பிள்ளை கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் எங்கள் ஆட்கள் இலக்கணத்தைப் பார்ப்பதில்லை: "வேண்டாம், வேண்டாம், டெம்போ உள்ளே வேண்டாம்."