பெயர் அபூர்வமா? முதலில் ஸ்பெல்லிங்கைக் கட்டிப்போடுங்கள்

பாடலி, கெடிலன் என்று கடலூர் மண்ணிலிருந்தே பிள்ளைக்குப் பெயர் எடுத்து வைத்தால் தமிழில் ஒரு தொல்லையும் இல்லை. ஆங்கிலத்தில்தான் வினை. முருகனைப் பெரும்பாலும் ஒரே மாதிரி எழுதிவிடுவார்கள். கெடிலனைக் காதில் விழுந்தபடி ஒருவர் 'கே' போட்டும் இன்னொருவர் 'ஜி' போட்டும் எழுதுவார்.

அதனால் மருத்துவமனைப் படிவத்திலேயே அவசரமாக எழுதிக் கொடுக்காதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயர்க் கட்டத்தை அப்போது காலியாக விடலாம். பதிந்ததிலிருந்து 12 மாதம் வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம்; பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. ஸ்பெல்லிங்கைப் பெரிய எழுத்தில் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் கெட்டது. சான்றிதழை அச்சடிக்கும் முன் திரையில் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் திருத்தலாம். ஒன்றை இன்றே வீணாக்க வேண்டாம். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்கு முன் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கச் சொல்வார்கள். அதைப் பெற்றோரும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மதிப்பெண் சான்றிதழில் தவறு ஏறிவிட்டால் பின்னால் பான், வங்கி, பாஸ்போர்ட் என்று எல்லா இடத்திலும் அதுவே வந்து நிற்கும்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். புதுச்சேரிக் குடும்பங்கள் சிக்குவது இங்கேதான். பிரெஞ்சு வழக்கில் 'உ' ஒலிக்கு 'ஓ-யூ' போடுவார்கள். தாத்தா காலத்துப் பத்திரத்தில் முருகன் 'எம்-ஓ-யூ' என்று தொடங்குவார், அப்பாவின் ஆதாரில் 'எம்-யூ'. அப்பாவின் பெயரை முதலில் ஒன்றாக்கிவிட்டுப் பிள்ளைக்கு விண்ணப்பியுங்கள். குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாகவும் விடாதீர்கள்: ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் தடை போட்டது.

போனில் சொல்லும்போது இன்னொரு வம்பு. நம் நாக்கில் 'பி' இரண்டு, 'டி' இரண்டு. 'எம்', 'என்' எப்படியும் குழம்பும். ஆப்பிள், பால் என்று பள்ளிக்கூடப் பாட்டு வேண்டாம், எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரிந்த ஊர்களைச் சொல்லுங்கள்: பண்ருட்டி பி, பாகூர் பி, திண்டிவனம் டி, டெல்லி டி, மரக்காணம் எம், நெய்வேலி என், காரைக்கால் கே, செஞ்சிக்கு (ஆங்கிலத்தில் ஜிஞ்சி) ஜி. (கடலூரை மட்டும் இழுக்காதீர்கள், அது 'சி'யில் தொடங்கும்.) மூன்று மூன்று எழுத்தாக நிறுத்திச் சொல்லி, கடைசியில் அவரையே திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள்.

"இது என்ன பேரு?" என்று கேட்பவருக்கு ஒரு வரி போதும்: "நம்ம கெடிலம் ஆறுதாங்க." பாடலி என்றால், "திருப்பாதிரிப்புலியூர்ப் பாதிரி மரத்துக்கு இன்னொரு பேரு." ஊர்க்காரர் என்றால் பிறகு மறக்க மாட்டார்.

பரோட்டாக் கடைப் பார்சலுக்கு மட்டும் தம்பி பெயரைக் கொடுத்துவிடுங்கள்.