பழைய ஓட்டு வீட்டு வேலைக்கு எந்த சர்க்குலர் சா (கையில் பிடித்து வெட்டும் மின் வட்டவாள்) வாங்கலாம்?

குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பழைய ஓட்டு வீட்டுக் கூரையைப் பிரித்தால் கிடைப்பது முற்றிய அயனி (காட்டுப்பலா), பலா, தேக்கு, பனங்கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் சாய்ந்த பனஞ்சட்டம்). எல்லாம் காய்ந்து இறுகியவை. எங்காவது ஆணியும் ஒளிந்திருக்கும். கடைக்குப் போகும் முன்பே, வெட்ட வேண்டியதில் மிகத் தடித்த மரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மெஷின் எத்தனை வாட், என்ன விலை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

185 மி.மீ. (ஏழேகால் அங்குல) பிளேடு நேராக வெட்டும்போது சுமார் 65 மி.மீ. ஆழம் இறங்கும், 45 டிகிரி சாய்த்தால் 45 மி.மீ. அளவுதான். நாலு பக்கமும் சரிவுள்ள கூரையில் மூலையில் வந்து சேரும் கழுக்கோல்களுக்குச் சாய்வெட்டு வேண்டும் என்பதால், அந்த இரண்டாவது எண்ணையும் பெட்டியில் பாருங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இந்த அளவே போதும். 235 மி.மீ. மெஷின் 85 மி.மீ. வரை வெட்டும், ஆனால் கனம் அதிகம். ஏணியில் நின்று பிடிக்க அது லாயக்கில்லை. எப்போதாவது வரும் தடித்த உத்திரத்தை மூலைமட்டம் வைத்து நாலு பக்கமும் கோடு போட்டு, இரு பக்கமும் மெஷினால் வெட்டி, நடுவில் மிஞ்சுவதைக் கைவாளால் முடிக்கலாம்.

மார்பிள் கட்டரில் (கல், டைல்ஸ் வெட்டும் சிறு மெஷின்) மரம் வெட்டும் பிளேடு மாட்டி ஒப்பேற்றாதீர்கள். அது நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும். சர்க்குலர் சா 5,000 சுற்று அளவில்தான். அதைவிட முக்கியம், கட்டரில் பிளேடின் அடிப்பக்கத்தைத் தானாக மூடும் காப்பு மூடி (கார்டு) கிடையாது. மரம் பிளேடைக் கவ்வி மெஷின் பின்னால் எகிறினால் சுழலும் பல் நேரே தொடையில் வந்து விழும்.

கடையில் பிளக்கைச் செருகாமலே பாதி சோதனை முடிந்துவிடும். பிளேடைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். அடிக் கார்டைத் தூக்கி விடுங்கள். பட்டென்று மூட வேண்டும், பாதியில் நின்றால் ஒதுக்குங்கள். மரத்தின் மேல் உட்காரும் அடித்தட்டான பேஸ் பிளேட்டின் விளிம்புக்கும் பிளேடுக்கும் உள்ள இடைவெளி முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிளேடு மரத்தில் உரசிப் புகையும், கோடும் விலகும். தகரத்தை மடித்துச் செய்த அடித்தட்டு ஒரு முறை கீழே விழுந்தாலே கோணும். குளச்சல், முட்டம் உப்புக்காற்றில் துருவும் பிடிக்கும். வார்ப்பு அலுமினியம் கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள்.

நீளவாக்கில் கிழிக்க 24 பல், குறுக்கே சுத்தமாக வெட்ட 40 பல். பல் முனையில் கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) வைத்த இந்த இரண்டு பிளேடுகளும் வேண்டும். நடுத்துளை அளவு மெஷினோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பனையிலும் தென்னையிலும் சிலிக்கா உண்டு. பிளேடு சீக்கிரம் மழுங்கும். பல் கீழிருந்து மேலே ஏறுவதால் சிம்பு மேல்முகத்தில்தான் பெயரும். வெளியே தெரியும் முகத்தைக் கீழே வைத்து வெட்டுங்கள்.

ஆணியைக் காந்தத்தால் தடவித் தேடுங்கள். தலை போன ஆணி பிடுங்க வராவிட்டால் வெட்டுக்கோட்டை நகர்த்திவிடுவது நல்லது. கார்பைடு முனை உடைந்தால் தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

1,400 வாட் மெஷின் 230 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய வயரில் நீட்டினால் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் திணறி, அதன் உள்ளே சுழலும் கம்பிச்சுற்று (ஆர்மேச்சர்) கருகும். 20 மீட்டருக்கு மேல் 2.5 சதுர மி.மீ. வயர் போடுங்கள். கூரை மேல் ரீப்பர் (ஓடு அடுக்கும் மெல்லிய சட்டம்) வெட்ட மட்டும் 18 வோல்ட் பேட்டரி மெஷின் சௌகரியம். அயனிப் பலகையை நீளமாகக் கிழித்தால் சார்ஜ் நிற்காது.

வெட்டும்போது பிளேடு மரத்துக்குக் கீழே 5 மி.மீ. தெரிந்தால் போதும். வெட்டின இரு பாகமும் விரிந்து விழும்படி முட்டுக் கொடுங்கள். மழைக்காலத்தில் ஈரம் குடித்த மரம் வெட்டை இறுக்கும். ஆப்பு ஒன்று கையில் இருக்கட்டும். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிய கழுக்கோலின் தூள் தோலைப் புண்ணாக்கும்: முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போட்டு, முற்றத்தில் வைத்து வெட்டுங்கள்.