சின்ன ஆன்லைன் கடைக்கு எந்த எஸ்எஸ்எல் போதும்?

எஸ்எஸ்எல் என்பது கடைத்தளத்துக்கும் வாங்குபவருக்கும் இடையே போகும் விவரத்தைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்ற (குறியாக்கம்) உதவும் சான்றிதழ். முதலில் உங்கள் ஹோஸ்டிங் பேனலை (தளத்தை நிர்வகிக்கும் பக்கத்தை) திறந்து பாருங்கள், பல இடங்களில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ் இலவசமாகவே இருக்கும். புடவையோ ஊறுகாயோ விற்கும் கடைக்கு, கார்டு விவரத்தை பேமென்ட் கேட்வே (பணம் வசூலித்துத் தரும் சேவை) தன் பக்கத்திலேயே வாங்கிக்கொள்கிறது என்றால், அதுவே தாராளம். காசு கொடுத்தால் பாதுகாப்பு கூடும் என்பார்கள், நம்பாதீர்கள். இலவசமோ காசோ, குறியாக்கம் இரண்டிலும் ஒன்றுதான். இ.வி. சான்றிதழ் (கம்பெனியைக் கூடுதலாகச் சரிபார்த்துத் தருவது) வாங்கினால் முகவரிப் பட்டையில் கம்பெனி பெயர் தெரியும் என்பதும் பழைய கதை, குரோம் 2019லேயே அதை அங்கிருந்து எடுத்துவிட்டது.

சப்டொமைன் (தளத்தின் பெயருக்கு முன்னால் வேறொரு சொல் சேர்ந்த முகவரி) நிறைய இருந்தால் மட்டும் வைல்ட்கார்டு, அதாவது அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ். அதுவும் லெட்ஸ் என்க்ரிப்ட்டில் இலவசம்தான், டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயரை அதன் சர்வரோடு இணைக்கும் பட்டியலில்) ஒரு பதிவு சேர்க்க வேண்டும், அவ்வளவே.

அப்புறம், லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் வழக்கமாக 90 நாள்தான் செல்லும், அதனால் தானாகப் புதுப்பிக்கும் வசதி உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கினாலும் இந்த வேலை தப்பாது: 2029 மார்ச் நடுவிலிருந்து புதிதாகத் தரும் எந்தச் சான்றிதழுக்கும் ஆயுள் 47 நாளைத் தாண்டாது.