ஆடிக் காற்றை நம்பி வெயிலில் நிற்காதீர்கள்: தோலைக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காங்கயத்துக்குப் பக்கத்தில் உறவுக்காரர் ஒருவருக்குக் கொப்பரைக் களம் இருக்கிறது. ஒரு ஆடி மாதம் அங்கே போயிருந்தேன். சிமெண்ட் களம் முழுக்கத் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. நான்கைந்து பெண்கள் அதைப் புரட்டிப் போட்டபடி இருந்தார்கள். சித்திரையில் நான் பார்த்தபோது இதே பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இப்போது அந்தச் சட்டைகள் எல்லாம் களத்து ஓரக் கம்பத்தில் தொங்கின.

"சட்டையைக் கழட்டிட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"காத்து இந்த அடி அடிக்குதுங்களே சாமி, வெயிலு எங்கீங்க தெரியுது?" என்றார் ஒருவர்.

பொழுதோட வேலை முடிந்து கை கழுவும்போது அதே அக்கா முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தார். தோல் சுருசுருவென்று இழுக்கிறது, தண்ணீர் பட்டால் எரிகிறது என்றார். அது வெயில் சுட்ட எரிச்சல். மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அரிப்பும் சூடும் இறுக்கமும்தான் அடையாளம்.

கொங்கு நாட்டில் நாம் செய்கிற முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். சூட்டையும் வெயிலையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். உடம்பைச் சுடுவது வெப்பம். தோலைக் கெடுப்பது புற ஊதாக் கதிர். அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, மேலே பட்டால் சூடாகவும் தெரியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று வேர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர வைக்கும். ஆனால் ஒரு கதிரைக்கூட அது தடுக்காது.

கணக்கைப் பாருங்கள். நம் பகுதி ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டுக்கு இரண்டு முறை. ஒன்று ஏப்ரல் 19-ஐ ஒட்டி, சித்திரை முதல் வாரத்தில், கத்திரி தொடங்குவதற்கு முன்பே. இன்னொன்று ஆகஸ்ட் 24-ஐ ஒட்டி, ஆவணியில். ஆடி முழுவதும்கூட நடுப்பகலில் சூரியன் உச்சியிலிருந்து பத்துப் பாகை அளவுக்குத்தான் விலகி நிற்கும். அதாவது அம்மியே பறக்கும் என்று சொல்கிற அந்த ஆடியில், மேகம் விலகிய நேரங்களில் சித்திரைக்குச் சமமான கதிர் நம் மேல் விழுகிறது. மெல்லிய மேகம் இருந்தாலும் நிம்மதி இல்லை. அதன் வழியே 80 சதவீதம் வரை கதிர் இறங்கிவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஏற்காட்டுக்கும் வால்பாறைக்கும் போகிறவர்கள் இதையே இன்னொரு விதமாகத் தவறவிடுகிறார்கள். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே குளிர் அடிக்கிறதே என்று சேலத்தில் போட்டிருந்த தொப்பியைக் கழற்றிப் பையில் வைக்கிறோம்.

பிறகு எதை நம்புவது? நிழலை. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். சித்திரையில் கோவை, ஈரோடு பக்கம் இது காலை ஒன்பதேகாலுக்குத் தொடங்கி மாலை மூன்றரை வரை நீளும். உச்சிப்பொழுது அப்போது நம் கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை, பன்னிரண்டு இருபதை ஒட்டித்தான் வருகிறது. என் அப்பாரு விடியக் காலையில் காட்டுக்குப் போய், பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிடுவார். மறுபடி வெயில் தாழ்ந்தபின்தான் மண்வெட்டியைத் தொடுவார். இதைவிட நல்ல இயற்கை வழியை நான் இன்னும் பார்க்கவில்லை. இதற்குச் செலவும் கிடையாது.

பூசுவதை எல்லாம் காப்பு என்று நம்புவது

வெயிலுக்கு இயற்கையாக என்ன செய்யலாம் என்று கைபேசியில் தேடினால் வருவதெல்லாம் பூச்சுதான். மஞ்சள், சந்தனம், கற்றாழை, தயிர், தேங்காய் எண்ணெய். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் உண்டு. வெளியில் போகும்முன் பூசிக்கொண்டு போவது மட்டும் அந்தப் பயன்களில் சேராது.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். ஈரோட்டு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. நமக்கு அது பெருமை. ஆனால் வெள்ளை வேட்டியில் மஞ்சள் கறை பட்டால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயப் போடுவார்கள். பொழுது சாய்வதற்குள் கறை வெளுத்துவிடும். மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமின் ஒளி பட்டால் சிதைந்துபோகும் பொருள் என்பதால்தான் இது நடக்கிறது. வெயிலில் தானே நிற்க முடியாத ஒன்று நம் தோலுக்குக் குடை பிடிக்கும் என்று எப்படி நம்புவது? சந்தனம் குளிர்ச்சி தரும், அவ்வளவுதான். மறுபடியும் அதே குழப்பம்: குளிர்ச்சி வேறு, காப்பு வேறு.

தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு நல்லது. கொப்பரைக் களத்து ஊர்க்காரியாக அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் கதிரைத் தடுக்கும் சக்தி அதற்கு மிகக் குறைவு. சிலர் அதில் துத்தநாக ஆக்சைடு தூளைக் கலந்து வீட்டிலேயே சன்ஸ்கிரீன் செய்கிறார்கள். கரண்டியால் கலக்கும்போது தூள் திட்டுத்திட்டாக நின்றுவிடும். தோலில் ஓரிடத்தில் கட்டியாகவும் பக்கத்து இடத்தில் ஒன்றுமே இல்லாமலும் படியும். வெள்ளையாகப் பூசியிருப்பது கண்ணுக்குத் தெரிவதால் தைரியமாக அதிக நேரம் வெயிலில் நிற்கிறோம், அதுதான் ஆபத்து. செயற்கை வேதிப்பொருள் வேண்டாம் என்று நினைப்பவர்கள் கடையில் துத்தநாக ஆக்சைடு உள்ள, எஸ்.பி.எஃப் (வெயில் காப்பு அளவு) 30 என்று சோதித்து அச்சிட்ட களிம்பை வாங்கலாம். அதுவும் ஒரு கனிமம்தான். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூச வேண்டும். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். பொட்டு வைக்கிற அளவுக்குத் தொட்டுப் பூசினால் அட்டையில் போட்டிருக்கிற காப்பு கிடைக்காது.

பயனில்லாததோடு நிற்காமல் கெடுதலே செய்யும் பூச்சும் ஒன்று உண்டு. அது எலுமிச்சை. என் அக்கா மகள் மாரியம்மன் நோம்பிக்கு முந்தின நாள் காலை, முகமும் கையும் வெளுக்கட்டும் என்று எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கலந்து தேய்த்தாள். சரியாகக் கழுவாமல் கோவில் வேலைக்கு வெயிலில் போனாள். இரண்டாம் நாள் கையில் நீர்க் கொப்புளம். கொப்புளம் ஆறிய இடம் பல மாதங்கள் கறுத்தே கிடந்தது. வெளுக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளை முழுக்கைச் சுடிதாருக்குள் கையை மறைத்துக்கொண்டு திரிந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கேட்பதில்லை. எலுமிச்சையில், முக்கியமாக அதன் தோலில், ஃபியூரோகுமரின் என்ற பொருள்கள் இருக்கின்றன. தோலில் அவை பட்டு, மேலே வெயிலும் பட்டால், நெருப்புச் சுட்டதுபோல் வெந்துவிடும். நோம்பிக்குப் பானகம் கரைக்க எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் நிற்பவர்களுக்கும் இது வரலாம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள்.

இதே குடும்பத்துப் பொருள் நம் குளியல் பொடியிலும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கார்போக அரிசி என்ற மூலிகை விதையில் சோராலென் என்ற பொருள் உண்டு. வெண்புள்ளிக்கு மருந்தாக அதை வெயிலோடு சேர்த்துப் பயன்படுத்துவதற்குக் காரணமே, அது தோலை ஒளிக்கு அதிகமாகக் கூச வைக்கும் என்பதுதான். அது சேர்ந்த பொடியைப் பகலில் தேய்த்து உடனே வெயிலில் போக வேண்டாம். இரவுக் குளியலுக்கு வைத்துக்கொள்ளலாம். நாட்டு மருந்துக் கடையில் பொடி அரைத்து வாங்குகிறவர்கள் என்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

துணியில் செய்யும் தவறு

திருப்பூரை வைத்துக்கொண்டு துணியைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வெயிலுக்கு வெள்ளைப் பனியன்தான் நல்லது என்று பலரும் சொல்கிறார்கள். சூட்டுக்கு அது சரி. கதிருக்கோ, மெல்லிய வெள்ளைப் பருத்திப் பின்னல் துணி பலவீனமான தடுப்பு. ஐந்தில் ஒன்றிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை உள்ளே விட்டுவிடும். வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டினால் இன்னும் அதிகம் விடும். இழுத்துப் பிடித்தாற்போல் போட்டால் பின்னலின் கண்கள் திறந்துகொள்ளும்.

துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். உங்கள் விரல் அந்தப் பக்கம் நன்றாகத் தெரிந்தால் அது காட்டு வேலைக்கு ஆகாது. நெருக்கமான நெசவு, தொளதொளப்பான தையல், அடர்ந்த நிறம் இந்த மூன்றும் சேர்ந்தால் போதும். புதுப் பருத்தித் துணியை இரண்டு மூன்று தரம் துவைத்தால் நூல் சுருங்கி இடைவெளி அடைபட்டு இன்னும் நன்றாகத் தடுக்கும். ஆனால் நூல் நைந்து மெலிந்துபோன சட்டைக்கு அந்தச் சக்தி இல்லை. அந்தக் களத்துப் பெண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை எந்தப் பூச்சையும்விட மேல். அதைக் கழற்றாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தலைக்கு முன்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பி நெற்றியைக் காக்கும், காதையும் பிடரியையும் விட்டுவிடும். அந்தக் காலத்துத் தலைப்பாகையான உருமாலின் ஒரு முனையைப் பிடரியில் தொங்கவிட்டுக் கட்டுவதில் பொருள் இருக்கிறது. சுற்றிலும் நான்கு விரல் அகலம் விளிம்புள்ள ஓலைத் தொப்பியும் நல்லது, நெருக்கமாகப் பின்னியிருந்தால்.

நிழலும் கண்ணாடியும்

எல்லா நிழலும் ஒன்றல்ல. நீலவானமே கதிரைச் சிதறடித்து எல்லாப் பக்கத்திலிருந்தும் அனுப்புகிறது. மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் ஒற்றை வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்தால் சூடு குறையும், ஆனால் சுற்றிலும் திறந்த வானம் இருப்பதால் கதிர் பக்கவாட்டில் வந்து சேரும். தென்னந்தோப்பிலும் கீற்று வழியே வெயில் சல்லடையாக இறங்கும். புளி, வேம்பு, அல்லது இருபக்கமும் வேலி அடர்ந்த இட்டேரி போன்ற இடங்களில்தான் நிழல் நிஜமாகக் காக்கும். நிமிர்ந்து பார்க்கும்போது வானம் எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது.

பேருந்திலும் காரிலும் பக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சாதாரணக் கண்ணாடி, புற ஊதாக் கதிரில் தோலைச் சுடுகிற வகையான யூவி-பி கதிரைப் பெரும்பாலும் தடுக்கும். ஆழமாகப் போய்த் தோலைச் சுருங்கவும் கறுக்கவும் வைக்கிற யூவி-ஏ கதிரை விட்டுவிடும். தினமும் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் ஜன்னல் ஓரத்தில் போய் வருகிறவர்கள் ஒரு துப்பட்டாவோ துண்டோ போர்த்திக்கொள்ளலாம்.

"நாம கருப்புத்தானே, நமக்கென்ன" என்ற பேச்சும் உண்டு. மாநிறத்துக்கு உள்ளேயே கொஞ்சம் காப்பு இருப்பது உண்மை. தோல் புற்று நம்மிடையே குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் கன்னத்தில் படரும் மங்கு நம் நிறத்தவர்களுக்குத்தான் அதிகம், வெயில் அதைக் கூட்டும். வெண்புள்ளி உள்ள இடத்தில் அந்த உள்காப்பு சுத்தமாக இல்லை, அங்கே துணியோ நல்ல களிம்போ கட்டாயம். கறுத்ததைப் போக்குகிறேன் என்று உப்பும் பீர்க்கங்காய் நாரும் வைத்துத் தேய்ப்பதும் வேண்டாம். தேய்த்த இடம் புண்ணாகி இன்னும் கறுக்கும். வெயிலில் போகாமல் விட்டாலே மேல்தோல் சில வாரங்களில் புதிதாகிப் பழைய நிறம் மெல்லத் திரும்பும்.

பயந்துகொண்டு வெயிலையே பார்க்காமல் இருப்பதும் தவறு. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி தோலில் உருவாக யூவி-பி வேண்டும். விடிந்ததும் அடிக்கும் இளவெயிலில் அது மிகக் குறைவு. பத்து, பதினொரு மணி வாக்கில் கை கால் படச் சிறிது நேரம் நின்றுவிட்டு, எரிச்சல் தொடங்குவதற்கு முன்பே நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

இளநீரும் மோரும் கம்மங்கூழும் உடம்புச் சூட்டுக்கு அருமருந்து. தோலில் விழுகிற கதிரை அவை தடுப்பதில்லை.

வெயில் சுட்டுவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டு எடுங்கள். ஐஸ்கட்டியும் பற்பசையும் வேண்டாம். சோத்துக்கத்தாழைக்கு வேலை இப்போதுதான் வருகிறது. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் தோலை அரிக்கும். மடலைச் சிறிது நேரம் சாய்த்து வைத்து அதை வடியவிட்டு, கழுவி, உள்ளே இருக்கும் தெளிந்த சோற்றை மட்டும் எடுத்துப் பூசுங்கள். கொப்புளம் பெரிதாக எழும்பினாலோ காய்ச்சல் வந்தாலோ கொப்புளத்தை உடைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். மாதக்கணக்கில் ஆறாத புண்ணையும் அங்கே காட்டத் தயங்க வேண்டாம்.